நாக்குக்கு அடியில்

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் குத்து. மூன்று நாள் கராம்பு கடித்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார். நாலாம் நாள் விடிய, கன்னத்தைப் பொத்தியபடி என் மோட்டார் சைக்கிளில் ஏறினார். கந்தளாயில் ஒரு பற்சிகிச்சை அறை. வாங்கில் எங்களுக்கு முன்னால் இருபது பேருக்கு மேல். ஒருவர் துவாயால் தாடையைக் கட்டியிருந்தார். ஒரு பிள்ளை அழுது களைத்துத் தாயின் மடியிலேயே உறங்கிப்போயிருந்தது. உள்ளே போனவர்கள் ஐந்து நிமிஷத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

எங்கள் நம்பர் வந்தது. இளம் வைத்தியர். சூத்தைப் பல்லைத் தட்டிப் பார்த்தார். அப்பா கதிரையில் துள்ளினார். இனி விறைப்பூசிதான் என்று நினைத்தேன். அவர் ஊசியைத் தொடவில்லை. ஒரு துண்டுத் துணியால் அப்பாவின் நாக்கு நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துப் பார்த்தார், இடப்பக்கம் இழுத்துப் பார்த்தார். "ஐயா, நாக்கை மேல தூக்குங்க" என்றார். அவருடைய தாய்மொழி சிங்களம். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்துப் பேசினார். பிறகு சின்னக் கண்ணாடியால் கன்னத்தை விரித்து, விளக்கைக் கிட்ட இழுத்து, அங்கேயே நின்றார்.

"வெத்திலை எத்தனை வருஷம்?"

"அது சின்ன வயசிலயிருந்து. ஆனா புகையிலையை விட்டு இருவது வருஷத்துக்கு மேல, மகள். வெறும் வெத்திலை பாக்குத்தான்." அப்பா இதைப் பெருமையாகச் சொன்னார். புகையிலையை விட்டது அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியங்களில் ஒன்று.

வைத்தியர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலையை அதக்கி வைக்கும் அதே இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வெள்ளையாய் ஒரு படலம். துணியால் துடைத்தால் போகவில்லை. அப்பாவுக்கு அங்கே வலி இல்லை, எரிவு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் அதே பக்கத்தில் இரண்டு பல் பிடுங்கினோம். அன்றும் நான் கூடவே இருந்தேன். அன்று யாரும் கன்னத்தை விரித்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. பல்லுக்குத்தானே போனோம்.

*

பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொல்லி அவர் எழுதித் தந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேட்டேன்: "எல்லாருக்கும் இப்படிப் பார்ப்பீங்களா, டொக்டர்?"

அவர் கையுறையைக் கழற்றியபடி சிரித்தார். கம்பஸில் படிப்பித்ததுதானாம். பரீட்சையில் செய்தும் காட்டியதாம். வேலைக்கு வந்து, ஒரு காலைக்குள் நாற்பது வாய் என்றான பிறகு, கை நேரே நோகிற பல்லுக்குப் போகப் பழகிவிட்டதாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் வைத்தியர்களுக்கு நடந்த ஒரு வகுப்பு. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் திரையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் வாயைக் கைப்பேசி வெளிச்சத்தில் முழுதாகப் பாருங்கள் என்றாராம். உதடு, கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடி, அண்ணம். முடிந்ததும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் மூன்று நிமிஷத்துக்கு மேல் போகவில்லை.

"வெக்கமாப் போச்சு" என்றார் வைத்தியர். "திங்கக்கிழமையிலிருந்து திரும்பப் பார்க்கத் தொடங்கினன்."

இதற்கு அலுவலக மொழியில் ஒரு பெயர் உண்டு. தொடர்ச்சியான தொழில்சார் விருத்தி. சொல்லைக் கேட்டாலே கொட்டாவி வரும். பட்டம் வாங்கித் தொழிலுக்கு வந்தவர் ஓய்வு பெறும்வரை படித்துக்கொண்டே இருப்பதற்கான ஏற்பாடு அது. மண்டபம், பதிவுப் புத்தகம், சோற்றுப் பார்சல், கடைசியில் ஒரு சான்றிதழ் என்றுதான் வெளியாட்கள் கண்ணுக்குத் தெரியும். அப்பாவின் கன்னத்துக்குள் விழுந்த அந்த வெளிச்சம் அப்படியொரு மண்டபத்திலிருந்து வந்தது. அதனால் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

லண்டனில் என் மச்சாள் ஒருத்தி பல் வைத்தியர். பிரித்தானியப் பல் மருத்துவப் பேரவையின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து ஆண்டுகளில் 100 மணி நேரம் சான்றுடன் படித்திருக்க வேண்டும். எந்த இரண்டு தொடர் ஆண்டுகளிலும் 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. என்ன படிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே திட்டம் எழுத வேண்டும், படித்ததால் என்ன மாறியது என்றும் எழுத வேண்டும். தவறினால் பதிவு போய்விடும். "சில ராவில சீரியல் பாத்துக்கொண்டு கேள்விக்கு விடை அமத்துறனான்டா, உனக்குப் பொய் சொல்லேலாது" என்பாள். அவளே, ஒரு வகுப்பில் கேட்டதை வைத்து ஒருவருக்கு மாரடைப்பு வருவதைக் கதிரையிலேயே கண்டுபிடித்ததையும் சொல்லியிருக்கிறாள். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே மணி நேரமாகத்தான் பதிவாகின்றன.

இலங்கையில் இது நெடுங்காலமாக விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவே இருந்துவருகிறது. விருப்பம் என்பது கொழும்பில் ஒன்று, கந்தளாயில் வேறொன்று. திருகோணமலை இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்துக்குப் போக ஹபறணை, தம்புள்ளை, மாத்தளை எல்லாம் தாண்ட வேண்டும். கொழும்புக்கென்றால் இரவு ரயில். ஞாயிறு வகுப்புக்குச் சனி இரவே புறப்பட்டு, திங்கள் காலை தூங்காத கண்ணோடு வந்து அறையைத் திறக்க வேண்டும். வார நாள் வகுப்பு என்றால் அதுவும் இல்லை. ஒரே ஒரு வைத்தியர் இருக்கிற இடத்தில் அவர் படிக்கப் போனால் கதவில் பூட்டு. துவாயால் தாடையைக் கட்டியவர் அடுத்த நாள் வர வேண்டும். பல் வைத்தியர்கள் படிக்கப் போவதில்லை என்று பட்டணத்திலிருந்து குறை சொல்பவர்கள் இந்தப் பூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போய்க் கேட்பது எதை? தாடை எலும்பில் திருகாணி பதித்துப் பல் நடுவது, பல்லை வெண்மையாக்குவது. பொருள் விற்கிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மண்டபங்களில் இவற்றுக்குத்தான் கூட்டம். கற்க வேண்டிய கலைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வாங்கில் இருந்த இருபது பேரில் ஒருவருக்காவது அது தேவைப்பட்டிருக்குமா?

*

அனுபவம் போதாதா என்று கேட்கலாம். அப்பாவே அந்தக் கட்சிதான். பழைய கை நல்ல கை என்பார். பல் பிடுங்குவதில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2005இல் சௌத்ரி என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு மருத்துவ உலகைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. வைத்தியர்களின் அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆண்டு கூடக்கூடத் தரம் இறங்கியிருந்தது. கை பழகுகிறது, கண்ணும் பழகிவிடுகிறது. தினமும் பார்ப்பதைத்தான் கண் பார்க்கும்.

சரி, வகுப்பு வைத்தால் திருந்துமா? அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் வந்த ஒரு கொக்ரேன் தொகுப்பாய்வு, சுகாதாரத் தொழிலாளருக்கான கூட்டங்களையும் வகுப்புகளையும் பற்றிய 81 ஆய்வுகளைச் சலித்தெடுத்தது. நோயாளிக்குச் செய்கிற வேலையில் வந்த முன்னேற்றத்தின் நடு மதிப்பு 6 சதவீதம். இதைப் படித்ததும் மண்டபங்களை இழுத்து மூடிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பேச்சைக் கேட்பதோடு கையாலும் செய்து பார்க்கிற வகுப்புகள் வெறும் பேச்சைவிடக் கூடுதலாகப் பயன் தருகின்றன என்றும் அதே ஆய்வு சொன்னது. திரையை நிறுத்திவிட்டுப் பக்கத்து வாயைப் பார்க்கச் சொன்னாரே, அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மேலும், 6 சதவீதம் யாருக்குச் சின்னது? நூறு வாயில் ஆறு வாய். அதில் ஒன்று என் அப்பாவுடையது.

*

அப்பா புகையிலையை விட்ட கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் ஒரு வைத்தியர் சொன்னார்: "புகையிலையை விடுங்க, வெத்திலை பாக்கு போட்டாப் பரவாயில்லை." அப்பா கடவுள் வாக்காக எடுத்துக்கொண்டார். புகையிலையைத் துண்டு துண்டாகக் குறைத்து, ஒரு தைப்பொங்கலோடு நிறுத்தினார். பாக்கைக் கூட்டிக்கொண்டார். பாக்குவெட்டி வீட்டில் ஓயாத சத்தமானது. வெட்டிய சீவல் ஒரு பக்கக் கன்னத்தில் காலையிலிருந்து இரவு வரை கிடந்தது.

அந்த வைத்தியர் சொன்னது பிழையா? அன்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் இதை ஆராய்ந்தபோது, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது, புகையிலை இல்லாத வெற்றிலைக்கு ஆதாரம் போதாது என்றுதான் எழுதியது. அவர் புத்தகம் சொன்னதைச் சொன்னார். 2004இல் வெளிவந்த தொகுதியில் அதே முகமை தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. புகையிலை இல்லாமலும் வெற்றிலை மெல்லுவது புற்றுநோய் தரும். பாக்கே தனித்துப் புற்றுநோய் தரும். புகைபிடித்தலுக்குக் கொடுத்த அதே முதல் வகுப்பைப் பாக்குக்கும் கொடுத்தது.

பாக்கு வாயை இறுக்கும் விதமும் பல் வைத்தியர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் அந்த நோயை 1952இல் ஒருவர் விவரித்து எழுதினார். கன்னத்துக்கு அடியில் நார் நாராகக் கட்டிப்போய், மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல் நுழையாமல் போகும். உறைப்புப் பட்டால் எரியும். சோற்றுக் கவளத்தை வரவரச் சின்னதாக உருட்டுவார்கள். வயசு போய்விட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

2004க்கும் அப்பா அந்தக் கதிரையில் ஏறியதற்கும் இடையில் அவர் எத்தனையோ வைத்தியர்களிடம் போயிருக்கிறார். காய்ச்சலுக்கு, முட்டுக்கு, கண்ணுக்கு, பல்லுக்கு. 2016இல் இலங்கை புகையற்ற புகையிலைப் பொருள்களின் விற்பனையைத் தடைசெய்தது பத்திரிகையில் வந்தபோது, "நான் அப்பவே விட்டுட்டன்" என்று எனக்கே படித்துக் காட்டினார். பாக்கைப் பற்றிய தீர்ப்பு மாறிய செய்தி மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. அறிவு இடம் மாறிவிட்டது. நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வாக்கியம் அதே இடத்தில் நின்றுவிட்டது. ஒரு வைத்தியர் படிப்பை நிறுத்தினால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்படியே இருக்கும், அதில் சில வாக்கியங்கள் மட்டும் அவர் அறியாமலே பிழையாகிவிடும். எவை என்பது அவருக்கு உள்ளேயிருந்து தெரியாது. அதற்குத்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது, இரவு ரயிலேறியாவது.

*

அறிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று யோசிக்கும்போது, நம் மலையகத்தில் நடந்த ஒன்று எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும்.

ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரர். முரசு நோய் பற்றிய இன்றைய அறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதல்வர். 1965இல் பல் தீட்டுவதை நிறுத்தச் சொல்லி 12 பேரை வைத்து ஆய்வு செய்தார். பெரும்பாலும் மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கிச் சிவந்தது. மீண்டும் தீட்டியதும் சில நாளில் ஆறியது. பல்லில் படியும் அழுக்குத்தான் முரசைக் கெடுக்கிறது என்பது அப்போது உறுதியானது. அடுத்து, வாழ்நாள் முழுக்க யாருமே தலையிடாவிட்டால் என்ன ஆகும் என்று அறிய விரும்பினார். 1969இல் ஒஸ்லோவில், சின்ன வயதிலிருந்து பல் வைத்தியம் பெற்று வளர்ந்த 565 மாணவர்களையும் படித்தவர்களையும் எடுத்துக்கொண்டார். 1970இல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு இலங்கைக்கு வந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள். பல் தூரிகையும் பல் வைத்தியமும் எட்டாத வாய்கள். பற்சொத்தை அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. முரசு மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள், திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள்.

1986இல் அந்தக் கணக்கு வெளியானது. அவர்களில் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, நாற்பத்தைந்து வயதுக்குள் பல்லெல்லாம் போயின. 81 சதவீதத்தினருக்கு நிதானமாக முற்றியது. 11 சதவீதத்தினருக்கு, ஒரு சிகிச்சையும் இல்லாமலே, முரசு வீங்கியதோடு நின்றுவிட்டது. அழுக்கு எல்லோர் பல்லிலும் இருந்தது, பல் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் போகவில்லை. உடம்புக்கு உடம்பு எதிர்க்கும் விதம் வேறு என்ற இன்றைய பாடம் அங்கிருந்து எழுந்தது. முரசு நோயைக் கற்பிக்கும் பாடப் புத்தகங்களில் இந்த மூன்று எண்களும் நிலைத்துவிட்டன.

கடைசிப் பரிசோதனைக்கு 480 பேரில் கிடைத்தவர்கள் 161 பேர். அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்குத் தலைமன்னார்க் கப்பல்தான் ஞாபகம் வரும். அதே ஆண்டுகளில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போனார்கள். வாக்குரிமை மறுக்கப்பட்டு, எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு அரசுகள் பேரம் பேசிக்கொண்டிருந்த மனிதர்களின் முரசை உலகம் மில்லிமீற்றரில் அளந்து வைத்திருக்கிறது. 2010இல் மீண்டும் தேடிப் போனபோது 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டு வரலாறு. இவ்வளவு நீண்ட கணக்கு உலகில் வேறு யாருடைய வாய்க்கும் சுலபத்தில் கிடைக்காது.

லோவைக் குற்றக் கூண்டில் ஏற்ற எனக்கு ஆசையில்லை. அவர் உருவாக்காத வறுமையைத்தான் அவர் அளந்தார். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? லண்டனில் என் மச்சாள் முரசு நோய் வகுப்பில் உட்கார்ந்து மணி சேர்க்கும்போது அவளுக்குச் சொல்லப்படுவதில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்து லயன்களிலிருந்து போனது. கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைக்கு இன்று முரசில் இரத்தம் கசிந்தால், கிட்ட உள்ள பற்சிகிச்சை அறையில் இருப்பவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கொடுத்த கடனில் கொஞ்சமாவது வீடு திரும்பியதாகும். பல் வைத்தியர் படித்துக்கொண்டே இருப்பதை அவருடைய தனிப்பட்ட முன்னேற்றமாக மட்டும் என்னால் பார்க்க முடியாமல் போனது இதனால்தான். வாயிலிருந்து போனது வாய்க்குத் திரும்பும் பாதை அது. இடையில் எங்கே அடைத்துக்கொண்டாலும் கந்தளாய் மாதிரி ஊருக்குத்தான் முதலில் தண்ணீர் வராது.

*

வாய்ப் புற்றுநோயிலும் இதே கதைதான். 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் ஓர் ஆய்வு நடந்தது. வைத்தியர்கள் அல்ல, கிராமங்களுக்குப் போய்வரும் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்கள். அவர்களுக்கு வாயைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்து, சந்தேகப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தால் சாதாரண கண்ணே போதும் என்று 1984இல் அது உலகுக்குச் சொன்னது. 1996இல் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய பெரிய ஆய்வு இதை இன்னும் உறுதியாக்கியது. வெறும் வெளிச்சத்தில் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் வெளியானது.

ஆனால் இலங்கை ஆய்வின் இன்னொரு வரிதான் எனக்கு முக்கியம். அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போகவே இல்லை. கண்டுபிடிப்பது பாதி வேலை. மிச்சப் பாதி, வலியே இல்லாத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, தெரியாத ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கச் சம்மதிக்க வைப்பது. இதற்கு என்ன வகுப்பு இருக்கிறது?

அப்பாவும் போயிருக்க மாட்டார். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். "நோகாததுக்கு என்னத்துக்கு வெட்டிப் பாக்கிறது?" எட்டாம் நாள் என் கைப்பேசிக்கு அழைப்பு. அந்த வைத்தியர். "ஐயா போனாரா?" இல்லை என்றேன். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார் என்று தெரியாது. அப்பா இரண்டு தடவை "சரி மகள்" என்றார். அடுத்த செவ்வாய் போனோம்.

நிழலில் குந்தியிருந்த நேரத்தில் அப்பா சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு 'எரியுதா' எண்ட சொல்லுத் தெரியுது. 'முரசு' எண்டும் சொல்லுது. ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாங்கில் இருப்பவர்களிடமே கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார். மேசை ஓரத்தில் அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். சிங்கள எழுத்தில் தமிழ்ச் சொற்கள். குத்து, உளைவு, கூச்சம், கொதி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அவரும் இப்படி ஒரு கொப்பியில்தான் தொடங்கியிருப்பார். எங்கள் வைத்தியரின் கொப்பிக்கு எந்தச் சபையும் மணிக் கணக்கு எழுதாது.

எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. உலர் வலயத்தில் கிணற்று நீரில் புளோரைட்டு கூடி, பிள்ளைகளின் முன்பற்கள் மண்ணிறம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல்லுக்கு நல்லது என்று குளிர்நாட்டில் வகுத்த அளவு, வெயிலில் செம்புச் செம்பாய்த் தண்ணீர் குடிக்கும் ஊருக்குப் பொருந்தாது. லீற்றருக்கு 0.8 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1992இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அது இலங்கைப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து எழுதியது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பொது எல்லை 1.5. காரணம் பிடிபடாத சிறுநீரக நோயும் இந்தப் பக்கத்தில் உண்டு. திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுர வரை அது பரவியிருக்கிறது. பல் பிடுங்கியதும் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் நோமாத்திரை அப்படியொரு சிறுநீரகத்தில் என்ன செய்யும் என்பது இங்கே தினமும் கேட்க வேண்டிய கேள்வி. இவற்றைப் பற்றிய வகுப்பு ஒன்று நடக்குமானால், அதற்குப் பொருத்தமான மண்டபம் கந்தளாயில்தான் இருக்க வேண்டும். கொழும்புக்காரர் இரவு ரயிலேறி இங்கே வரட்டும், ஒரு தடவையாவது.

*

அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழிலாளியாக இருந்தவர். துருசு திறப்பது, வாய்க்கால் பார்ப்பது. 1986 ஏப்ரல் 20, விடியப்புறத்தில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். வயலும் வீடும் போயின. அப்பா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் குளத்துக்குப் போனாலும் கட்டின் மேல் நடக்கமாட்டார். கீழே இறங்கி, வயல் பக்கமாக, கட்டின் அடியோரமாகவே நடப்பார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், மேலே நடந்தால் காற்று வருமே என்று. "மேல நடந்தாத் தண்ணியப் பாக்கலாம். கட்டப் பாக்கிறதெண்டாக் கீழதான் நடக்கோணும்" என்றார்.

வெட்டிப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் மாறக்கூடியது, விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். அப்பா பாக்கை விட்டார் என்று எழுத ஆசைதான். பாக்குவெட்டியைப் பெட்டிக்குள் வைத்தார். இரண்டு தடவை வெளியே எடுத்தார். இப்போது உள்ளே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அந்தக் கதிரையில் ஏறி, சொல்லாமலே நாக்கைத் தூக்குகிறார்.

போன தடவை வைத்தியர் ஓர் அனுமதி கேட்டார். கன்னத்தின் உட்புறத்தைப் படம் எடுத்து, அடுத்த கூட்டத்தில் மற்ற வைத்தியர்களுக்குக் காட்டலாமா? பெயர் வராது, முகம் வராது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காட்டுங்க மகள். ஆனா பாத்தவையள் என்ன சொன்னவையள் எண்டு வந்து எனக்குச் சொல்லோணும்."

வைத்தியர் தலையாட்டினார். அந்தக் கொப்பியை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.